ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போன கட்டுரை

புதன்கிழமை சாயங்காலம் பள்ளி இதழின் டம்மிப் புத்தகம் கடைக்குத் திரும்பி வந்தபோது பதினொன்றாம் பக்கத்தில் என் மகளின் கட்டுரை இல்லை. பென்சிலில் எழுதியிருந்த தலைப்பை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள். அழித்த இடத்தின் மேலேயே ‘விளம்பரம், முந்திரி மண்டி’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தேடினேன். கட்டுரை இருபத்தாறாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

பதினொன்று வலப்பக்கம். புத்தகத்தைத் திறந்ததும் கண் முதலில் விழுவது வலப்பக்கத்தில்தான். இருபத்தாறு இடப்பக்கம். வலப்பக்கத்தில் இருந்த ஒன்றை எடுத்து இடப்பக்கத்தில் போட்டால், அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார் என்று நம்புகிறவன் நான். யார் அந்த ஆள் என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் தமிழ் டைப் அடிக்கிறேன். பத்தாவது வரை படிப்பு. சுரங்கத்தில் கான்ட்ராக்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, குவார்ட்டர்ஸ் மாற்றிக் கேட்கும் விண்ணப்பம், இவைதான் தினமும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர் இதழ் வரும். அறுபத்து நான்கு பக்கம். என் மகள் ஒன்பதாவது படிப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

இதழுக்கு முதல் வேலை டம்மி தயார் செய்வது. பதினாறு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் அறுபத்து நான்கு பக்கம் உள்ள வெற்றுப் புத்தகம் கிடைக்கும். எந்தப் பக்கத்தில் எது வரும் என்று அதில் பென்சிலால் எழுதிக்கொண்டே போவார்கள். கட்டுரை என்றால் தலைப்பு, கவிதை என்றால் ஒரு கோடு, படம் என்றால் ஒரு கட்டம். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத் திரையில் பார்த்தால் தெரியாது, கையில் பிடித்து விரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பது அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான். ஆனால் நான் அதை வாய் திறந்து சொன்னதில்லை.

தமிழாசிரியரோடு ஒரு பிளஸ் டூ மாணவியும் வருவாள். மாணவர்கள் தரப்பில் அவள்தான் இதழாசிரியர். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட், பெரிய ஆபீசர் என்று என் முதலாளி சொன்னார். அவளுடைய பென்சில் பெட்டியில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும். எதை எடுத்தாலும் அளந்து பார்ப்பாள். டம்மியை ஒருநாள் பள்ளிக்கு எடுத்துப் போவாள், மறுநாள் கடையில் வைத்துவிட்டுப் போவாள். கடையில் இருக்கும் நாளில் அது என் மேஜை மேல் இருக்கும்.

மாணவர்கள் எழுதிய கையெழுத்துத் தாள்களின் கட்டு கடைக்கு வருவதற்கு முந்தின நாள் என் மகள் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“அப்பா, நான் ஒரு கட்டுரை குடுத்துருக்கேன். கடையில நான் உன் பொண்ணுன்னு சொல்லிடாத.”

“ஏன்?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

சரி என்றேன். ஆனால் ஏன் என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவன் மகள் என்று தெரிந்தால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். கட்டுரையின் மேலே பேர், வகுப்பு மட்டும்தான் இருக்கும். அப்பா பேர் எங்கும் வராது. எனக்கு ஒரு பெண் இருப்பது முதலாளிக்குத் தெரியும், பேர் தெரியாது. நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

கட்டைப் பிரித்தபோது எட்டாவதாக அவள் கையெழுத்து வந்தது. தலைப்பு, ‘பேசாத அப்பா’.

சுற்றிப் பார்த்தேன். முதலாளி ஜெராக்ஸ் மெஷினில் மாட்டிய தாளை இழுத்துக்கொண்டிருந்தார். கீபோர்டின் மேல் மூடியிருந்த துணியை எடுத்துச் சாம்பல் தூசியைத் தட்டினேன். அப்புறம் நிதானமாக டைப் அடித்தேன்.

என் அப்பா பேசமாட்டார் என்று ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில் வேறு யாரும் இறங்கவில்லை, பஸ் நிற்காமல் போயிற்று, நிறுத்துங்கள் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை, நெய்வேலி வரைக்கும் போய் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார், சட்டைப் பையில் இரண்டு டிக்கெட் இருந்ததை வைத்து நானே கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தாள். அதற்கடுத்த பத்தியில், பேச வேண்டிய இடத்தில் அப்பா கையில் இருக்கிற காகிதத்தின் மூலையை மடிப்பார், எங்கள் வீட்டு கரண்ட் அட்டைக்கு மூலையே கிடையாது என்று இருந்தது.

பஸ் விஷயம் உண்மை. மூலை விஷயத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் அப்படியெல்லாம் செய்வதில்லை. பிள்ளைகள் சுவாரசியத்துக்காக எதையாவது சேர்த்து எழுதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பத்திக்கு வந்தபோது கோபம் போய்விட்டது. அப்பா பேசாவிட்டாலும் அவர் விரல்கள் ஊர் முழுக்கப் பேசுகின்றன, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒட்டியிருக்கிற எழுத்து அவருடையது, இப்படி ஒரு அப்பாவுக்கு மகளாகப் பிறந்ததில் எனக்குப் பெருமை என்று முடித்திருந்தாள். அந்தப் பத்தியை அடித்து முடித்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சிக்கல் இனிமேல்தான். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஆளுக்கு ஒரு பக்கம்தான் என்று தமிழாசிரியர் விதி வைத்திருந்தார். “டைப் அடிச்சுப் பாருங்க தம்பி. மிஞ்சுச்சுன்னா கடைசியில வெட்டிடலாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்தில் ஒரு பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி. மகளின் கட்டுரை பதிமூன்று வரி மிஞ்சியது. கடைசியில் வெட்டினால் போவது எது என்று எனக்குத் தெரியும். பெருமை என்று அவள் எழுதியிருந்த பத்தி மட்டுமே பன்னிரண்டு வரி.

அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. எழுத்தைப் பத்து பாயிண்டுக்குக் குறைத்தேன். வரிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியையும் குறைத்தேன். முப்பத்தெட்டு வரியில் எல்லாம் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. புரூஃப் எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தேன். டம்மியில் பதினொன்றாம் பக்கம் என்று அவர்கள் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குப் போய் மகளிடமும் சொன்னேன்.

“பதினொன்னா? அது வலது பக்கமாச்சே” என்றாள். அவளுக்கும் இந்த விவரமெல்லாம் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

முதல் சந்தேகம் முதலாளி மேல். முந்திரி மண்டிக்காரர் அவருக்கு வேண்டியவர். முதலாளியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே என்றாலும் வாயில் அந்த ஊர்ப் பேச்சு போகவில்லை.

“அண்ணாச்சி, பதினொன்னுல விளம்பரம் போட்டிருக்கு” என்றேன்.

“ஆமாய்யா. வலது பக்கந்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு அவரு. நீரு என்ன, உம்ம வீட்டை இடிச்ச மாதிரி கேக்கீரு?”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்றால் பதின்மூன்றும் வலப்பக்கம்தான், பதினைந்தும் வலப்பக்கம்தான். ஏன் இந்தக் கட்டுரையை மட்டும் எடுக்க வேண்டும்? இதை முதலாளி ஒருவர் செய்திருக்க முடியாது.

அப்புறம் அந்த மாணவியைக் கவனிக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை கடைக்கு வந்து டம்மியை விரித்து வைத்துக்கொண்டாள். இருபத்தாறாம் பக்கத்துப் புரூஃபை அதன் மேல் வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எடுத்தாள், திரும்ப வைத்தாள். லேசாகச் சிரித்தது போல் இருந்தது. பஸ்ஸை நிறுத்தத் தெரியாத ஆளை நினைத்துச் சிரிக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஆபீசர் வீட்டுப் பெண்ணுக்கு கவர்ன்மென்ட் பஸ் கதை வேடிக்கையாகத்தான் இருக்கும். அவள் போன பிறகு டம்மியைப் பார்த்தேன். இருபத்தாறும் அழிந்திருந்தது. கட்டுரை ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. எதிர்ப் பக்கத்தில் பத்தாவது, பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியவர்களின் பட்டியல். அதற்குப் பிறகு விளையாட்டுப் போட்டி முடிவுகள், விளம்பரங்கள், பின்னட்டை. ஐம்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் யாரும் படித்துக்கொண்டு போவதில்லை.

அன்று வீட்டில் மகள் வழக்கம்போலக் கேட்டாள்.

“பதினொன்னுதானே?”

“இன்னும் முடிவாகல.”

“அன்னைக்குப் பதினொன்னுன்னு சொன்ன?”

“மாத்துவாங்க. முடிவாகல.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் யார் மேலோ சந்தேகம். அது என் மேல்தான் என்று தோன்றியது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பனும் பொண்ணும் இன்னா ரகசியம் பேசிக்கினு இருக்கீங்க?” என்றாள்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்குத் தமிழாசிரியரும் மாணவியும் சேர்ந்தே வந்தார்கள். மறுநாள் எல்லாவற்றையும் பண்ருட்டி பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது ஷிப்டுக்குப் போன பஸ்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கடையில் வேறு ஆள் இல்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று காலையிலிருந்தே என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஏன் ஐம்பத்தெட்டு, இரண்டே வார்த்தைதான். கட்டுரையின் புரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“அங்கிள், ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

தலையசைத்தேன்.

“இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்ன கோவம்?”

எனக்குப் புரியவில்லை. முதலாளி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“மத்த பக்கத்துல எல்லாம் முப்பத்திரண்டு வரி. இதுல மட்டும் முப்பத்தெட்டு. நாலு தடவ எண்ணிட்டேன் சார்” என்று தமிழாசிரியர் பக்கம் திரும்பினாள். “எழுத்தும் சின்னது. பதினொன்னுல வச்சுப் பார்த்தேன், பக்கத்துல எல்லாம் பளிச்சுனு இருக்கு, இது மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இருபத்தாறுல வச்சா எதிர்ல பெரிய எழுத்துல கவிதை. அங்க இன்னும் மோசம். நல்ல கட்டுரை சார், பாவமா இருந்துச்சு. அதான் மார்க் லிஸ்ட்டுக்கு எதிர்ல வச்சேன். அதுவும் பொடி எழுத்து, இதுவும் பொடி எழுத்து. வித்தியாசம் தெரியாது.”

“மிஞ்சுனா வெட்டலாம்னுதானே சொன்னேன் தம்பி?” என்றார் தமிழாசிரியர். “யாரைக் கேட்டு எழுத்தைக் குறைச்சீங்க?”

“அந்தப் பொண்ணு இவருக்கு ஆகாதோ என்னமோ” என்றாள் அவள்.

“ஆகாதாவது?” என்றார் முதலாளி. “ஆகாமப் போகணும்னாலும் நாலு வார்த்தை பேசிப் பழகியிருக்கணும்லா. இவரு எங்க பேசினாரு?”

“இன்னொன்னும் இருக்கு சார்.” அவள் டம்மியைத் திறந்தாள். “நான் இதுல ஒரு மடிப்பு விழாம வச்சிருக்கேன். கடையில இருந்துட்டு வந்தாதான் மடியுது. பதினொன்னுல பாருங்க, மூலை மடிஞ்சிருக்கு. இருபத்தாறு, இங்கயும். அம்பத்தெட்டு. அறுபத்து நாலு பக்கத்துல மூணே மூணு பக்கம். இந்தக் கட்டுரை போன இடத்துலெல்லாம் போய் அடையாளம் வச்சிருக்கார்.”

நான் மூன்று மூலைகளையும் பார்த்தேன். மடித்து, நிமிர்த்தி, திரும்ப மடித்து, காகிதம் துணி மாதிரி ஆகியிருந்தது. நான் செய்யவில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கையிலிருந்த புரூஃபின் மூலையை என் கட்டை விரல் மூன்றாவது மடிப்பு மடித்துக்கொண்டிருந்தது.

அவள் அந்தப் புரூஃபை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினாள். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்துத் தமிழாசிரியரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். எழுத்து அவ்வளவு சின்னது. படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். முதலாளி கிட்டே வந்து தாளை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

“என்னய்யா, உம்ம பொண்ணா?”

“ஆமாங்க.”

“நெய்வேலி வரைக்கும் வந்துட்டு, கடைக்கு வந்து ஒரு டீயாச்சும் குடிச்சிருக்கலாம்லா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை அவள் சிரித்ததாக நான் நினைத்தது சிரிப்பே இல்லை என்பது அப்போது தெரிந்தது. சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினால் அவள் முகம் அப்படித்தான் ஆகிறது.

“உங்க பொண்ணா இருந்தாலும் ஒரு பக்கம்தான்” என்றார் தமிழாசிரியர். “பன்னிரண்டு பாயிண்ட். அதுல மாத்தமில்ல.”

“வெட்டுறத அவளையே வெட்டச் சொல்லுங்க அங்கிள்” என்றாள் மாணவி. “நாளைக்கு காலைல வேணும். இருபத்தேழுல இருக்கிற கவிதைய இருபத்தாறுக்குத் தள்ளிட்டு, இத அங்க போடுறேன். வலது பக்கம்.” டம்மியில் ஐம்பத்தெட்டை அழித்தாள். மடிந்த மூலையை ஸ்கேலால் அழுத்தித் தேய்த்து நிமிர்த்தப் பார்த்தாள். அது நிமிரவில்லை.

பன்னிரண்டு பாயிண்டில் ஒரு புரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றரைப் பக்கம். நடந்ததை மகளிடம் சொன்னேன். என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன்.

“சொல்லாதன்னு சொன்னேன்ல?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனிமே எல்லாரும் இன்னா சொல்லுவாங்க? அவங்க அப்பா கடையிலதான் புக்கு ரெடியாச்சு, அதான் அவ கட்டுரை வந்துச்சுன்னு சொல்லுவாங்க.”

இதற்காகத்தான் சொல்லாதே என்றாளா? இத்தனை நாள் நான் நினைத்திருந்த காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. புரூஃபையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தேன்.

“பதிமூணு வரி எடுக்கணும். நீயே எடு.”

இதற்குள் என் மனைவி வந்து, புரூஃபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பஸ் கதையில் நின்றுவிட்டாள்.

“அன்னைக்கு பஸ்ஸு பிரேக் டவுனுன்னு சொன்ன?”

நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன்.

“வூட்ல சோத்தப் போட்டு வச்சிகினு நான் குந்தியிருக்கேன், நீ நெய்வேலிய சுத்திட்டு வந்துக்கினு இருந்தியா?” தாளை மகளிடம் கொடுத்தாள். “இத்த வெட்டாத. வேற எத்த வேணா வெட்டு. இது இருக்கட்டும், நாலு பேரு படிக்கட்டும்.”

மகள் பேனாவை எடுத்தாள். மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தாள். பிறகு நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்க் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பன்னிரண்டு வரி ஒரே கோட்டில் போயிற்று. மேலே எங்கோ இன்னும் ஒரு வாக்கியத்தை அடித்தாள்.

“பதிமூணு ஆச்சு” என்று நீட்டினாள்.

“கடைசிப் பத்தியையா எடுக்கற?”

“அது சும்மா மார்க்குக்கு எழுதுனதுப்பா. கட்டுரைன்னா கடைசில பெருமைப்படுறேன்னு முடிக்கணும்னு மிஸ் சொல்லுவாங்க. எல்லாரும் அப்பிடித்தான் முடிப்பாங்க.”

அந்தப் பத்திக்காகத்தான் நான் எழுத்தைக் குறைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. சரி என்றேன். அவள் உண்மையைத்தான் சொன்னாளா, நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற கூச்சத்தில் அப்படிச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. கூச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அதிகம் தேட வேண்டியதில்லை. கேட்டுவிடலாம் என்று பலமுறை பக்கத்தில் போயிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

இதழ் அச்சாகி வந்தது. இருபத்தேழாம் பக்கம், பன்னிரண்டு பாயிண்ட், முப்பத்திரண்டு வரி. எங்கள் வீட்டு கரண்ட் அட்டைக்கு மூலையே கிடையாது என்பதோடு கட்டுரை முடிகிறது. அப்படி முடிந்ததே நன்றாக இருக்கிறது என்று தமிழாசிரியர் கடைக்கு வந்து சொன்னார். முதலாளி அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, டீக்கடையில் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். பஸ் விஷயம் இப்போது பஜார் முழுக்கத் தெரியும்.

வீட்டுக்கு ஒரு பிரதி வந்தது. அதை அலமாரியில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூலையில் விரல் படாமல் நடுவில் பிடித்துத்தான் வைத்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தபோது இருபத்தேழாம் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. மடித்து, நிமிர்த்தி, திரும்ப மடித்தது. மனைவியைக் கேட்டேன். “நான் இன்னாத்துக்கு மடிக்கப் போறேன்?” என்றாள். மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.